நன்றி சொல்லாத சவரியம்மாள்

ஆம்பல் தீவு என்று ஒரு நாடு. சின்ன நாடுதான். ஆனால் அதன் பேரவையில் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. பேசிப் பேசி என்ன கண்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்தப் பேரவைக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் எழுந்து தன் ஊர்க் குறையைச் சொல்வார். அரசின் சார்பில் அவை முன்னவர் பதில் சொல்வார். உறுப்பினர் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தால், பதிலை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதே குறையை ஒரு வருஷத்துக்கு மறுபடி எழுப்ப முடியாது. நன்றி சொல்லாமல் நின்றாலோ, அவை கலையக் கூடாது. எல்லாரும் கை தூக்கி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அப்படி யாராவது நின்றார்களா? எங்கே! மரியாதைக்காரர்கள் பாருங்கள், பதில் காதில் விழுவதற்குள் நன்றி வாயில் வந்துவிடும்.

அவை முன்னவர் பெயர் தில்லைநாயகம். அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள், மறுநாள் தீபாவளி. இனி மழைக்காலம் முடிந்துதான் அவை கூடும். நிதியமைச்சர் காலையிலேயே அவரைப் பிடித்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அவை முழுக்க ஒப்புக்காம புதுச் செலவு எதுவும் கிடையாது. நீங்க வாக்குக் கொடுத்தாலும் நான் பணம் தர மாட்டேன்."

முதலில் மணவாளன் எழுந்தார். அவர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கூரை ஒழுகுகிறது, சனங்கள் உள்ளேயே குடை பிடித்து நிற்கிறார்கள்.

"ஆவன செய்யப்படும்" என்றார் தில்லைநாயகம்.

"நன்றி ஐயா."

அடுத்து காதர் மைதீன். சந்தைத் தெருவில் விளக்கு எரிந்து மாதக்கணக்கில் ஆகிறது.

"விரைவில் கவனிக்கிறோம்."

"மிக்க நன்றி ஐயா."

பிறகு எழுந்தவர் நண்டுத்திட்டு உறுப்பினர் சவரியம்மாள். நண்டுத்திட்டைச் சுற்றிலும் தண்ணீர், லாஞ்சு என்கிற இயந்திரப் படகு அங்கே அணையாது; மழை இல்லாத நாளில் நடந்து கடக்கலாம், மழையில் சின்னப் படகுதான். இருந்த ஒரே படகும் போன வருஷமே பலகை பிளந்து கரையில் கிடக்கிறது. போன மழையில் அவருடைய தம்பி மனைவி பிரசவ வலியோடு கரையிலேயே காத்திருந்து செத்துப்போனாள்.

"இப்பவும் ஊர்ல பிள்ளைத்தாய்ச்சிங்க இருக்காங்க ஐயா. மழைக்கு முன்னாடி ஒரு படகு வேணும்."

"முடியாது" என்றார் தில்லைநாயகம்.

அவையில் சலசலப்பு எழுந்தது. அந்த வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை.

"என்னய்யா சொல்றீங்க?"

"அரசால முடியாதும்மா. முடியாதுன்னா முடியாதுதான்."

சவரியம்மாள் நன்றி சொல்லவில்லை. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவரவர் ஊர்ப் பக்கம் போகும் கடைசி லாஞ்சுக்கு நேரமாகிவிட்டதால், பையும் பலகாரப் பொட்டலமுமாக எல்லாரும் தவித்தார்கள்.

"அக்கா, ஒரு நன்றியைச் சொல்லிட்டு உக்காருங்களேன்" என்று மணவாளன் கெஞ்சினார்.

"எதுக்குத் தம்பி நன்றி? ஒரு உசிரு போனதுக்கா?"

"இந்த மனுஷனாவது கொஞ்சம் இதமாச் சொல்லியிருக்கலாம்" என்று மணவாளன் முணுமுணுத்தார். ஊரே கிளம்பத் துடித்தபோது, தில்லைநாயகம் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார்.

கேட்டீர்களா கூத்தை? இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அன்று அவர் சொன்ன மூன்று பதில்களில் உருப்படியான பதில் எது?

விடை: "முடியாது" என்றதுதான். வாக்குக் கொடுத்தால் பணம் வராது என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். அவை முழுக்கக் கை தூக்கினால் நிதியமைச்சரால் மறுக்க முடியாது என்பதும் தெரியும். அதற்கு யாராவது ஒருவர் நன்றி சொல்லாமல் நிற்க வேண்டும். லாஞ்சைப் பிடிக்கிற அவசரத்தில் அன்று எல்லாக் கையும் மேலே போனது, படகுக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. பேருந்து நிலையம் இன்னும் ஒழுகுகிறது, சந்தைத் தெரு இருட்டாகத்தான் கிடக்கிறது. வாசலில் சவரியம்மாள் அவரை வழிமறித்து, "முகத்துல அடிச்ச மாதிரி ஏன்யா சொன்னீங்க?" என்று கேட்டார். "ஆகட்டும்னு சொல்லியிருந்தா நீங்களும் நன்றின்னு உக்காந்திருப்பீங்களேம்மா" என்றார் அவர். சவரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "படகு வந்து சேரட்டும். அப்புறம் சொல்றேன் நன்றி."