நாச்சம்மாள் காலுக்காக மூணு கடல் போட்ட சண்டை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே செக்கிங் பிரிவில் நாச்சம்மாள் பேச ஆரம்பித்தால், விரட்ட வந்த சூப்பர்வைசரும் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் விரட்டுவார். அப்படி ஒரு வாய். அந்த வாய்க்கு அன்றைக்கு மத்தியானம் பெரிய வேலை வந்து சேர்ந்தது.

வேன் பேசியாகிவிட்டது. கன்னியாகுமரி, முட்டம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு என்று ரெண்டு நாள் டூர். பதினெட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றார் வேன்காரர். தேறியது பதினாலு. சாப்பாட்டு மணி முடிவதற்குள் சொல்லாவிட்டால் வண்டி ஏதோ கல்யாணத்துக்குப் போய்விடும். மிச்சம் இருந்தது பக்கத்து மேசை சரசக்காவும், அவள் தலையாட்டினால் மட்டும் தலையாட்டுகிற மூன்று பேரும்.

"கடல்னா தண்ணிதான? அதப் பாக்க அத்தன தூரமா?" என்று சரசக்கா தூக்குப்போசியைத் திறந்துவிட்டாள்.

போன வருஷமும் இப்படித்தான் ஆள் சேராமல் நின்றுபோனது. இந்தத் தடவை விடக் கூடாது என்று நாச்சம்மாள் சரசக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பவானிசாகர் அணையைத் தாண்டி அவள் ஒரு தண்ணீரைக் கண்டதில்லை. அதையா இப்போது சொல்ல முடியும்?

"வெறும் தண்ணியா? நாலு வருசம் முன்னால எங்க நாத்தனாரு ஊட்டாரோட போனவளுங்க்கா நானு. முட்டத்துல பாறை மேல நிக்கறேன். நம்ம கம்பெனி மூணு மாடி ஒசரத்துக்கு ஒரு அலை வருது. நான் கட்டியிருந்ததோ புதுச் சேலை. 'நில்லு!'ன்னு ஒரு அதட்டு. நின்னுபோச்சுங்!"

"அலை நின்னுச்சா?"

"செவுராட்ட நின்னுச்சு. உள்ள மீனெல்லாம் தெரியுது, சேலைக் கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மை நிக்கறாப்பல. ஒரு வஞ்சிரம் என்னயப் பாத்து, 'அக்கா, நாங்க போலாமா?'ன்னு கேட்டுச்சு. 'போங்க, ஆனா நனைக்காமப் போங்க'ன்னேன். அலை அப்படியே மடிஞ்சு, பின்னாலயே போயிருச்சு."

மூன்று பேரும் சோற்றில் கை வைத்தபடி சிரித்தார்கள். சரசக்கா சிரிக்கவில்லை. "மீனு தமிழ்தான் பேசுச்சா?"

"அந்த ஊருத் தமிழு. எனக்கே பாதிதான் புரிஞ்சுது."

மணி ஒன்று இருபது; சாப்பாட்டு மணி முடிய இன்னும் பத்தே நிமிஷம். நாச்சம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

"அப்புறம் தேரிக்காடு. மொளகாய்ப் பொடியக் கொட்டி வெச்சாப்பல செவப்பு மணலு, மலை மலையா. அந்த மணலு காத்தடிச்சா நகருமுங். நான் ஒரு மேட்டு மேல ஒக்காந்து தயிர்சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சேன். சாப்பிட்டு ஏப்பம் உட்டு நிமுந்து பாத்தா, இருபது மைலு தாண்டி உவரி ஊர்ல இருக்கறேன்! நாத்தனாரு ஊட்டார் பஸ்ஸப் புடிச்சு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு."

"சோறு சிந்தலையா?" என்றாள் சரசக்கா.

"ஒரு பருக்கை சிந்தலிங்க்கா. பஸ்ஸக் காட்டியும் மணலு நல்லா ஓடுது."

சிரிப்பை அடக்கியதில் சரசக்காவின் மூக்கு நுனி லேசாகத் துடித்தது. அதைப் பார்த்ததும் நாச்சம்மாளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"கோடியக்கரையில கேளுங்க. பூநாரைக ஆயிரம் ஒத்தக்கால்ல நிக்குது. என் கால்ல முள்ளுக் குத்திருச்சு, நானும் ஒத்தக்கால்ல நின்னு புடுங்கறேன். அதுக என்னய அவங்க ஊட்டு ஆளுன்னு நெனச்சுப்போட்டு, ரெண்டு பக்கமும் றெக்கையக் குடுத்துத் தூக்கீட்டுப் பறந்துருச்சு. யாழ்ப்பாணத்துல எறங்கி ஒரு வடை தின்னுபோட்டு, இந்தப் பக்கம் திரும்பி வந்து பாத்தா, வெச்சுட்டுப் போன டீ ஆறவே இல்ல!"

"கன்னியாகுமரிய உட்டுட்டயே" என்றாள் சரசக்கா.

"அதையேங் கேக்கறீங்க! மூணு கடலும் அங்கதான சேருது? நாச்சம்மா காலத் தொடறது நாந்தான்னு மூணுக்கும் அடிதடி. ஒண்ணுக்கு வலது கால் குடுத்தேன், ஒண்ணுக்கு எடது கால் குடுத்தேன். மூணாவது கோவிச்சுக்கிட்டு அரை மைல் தூரம் பின்னால போயிருச்சு. கப்பலெல்லாம் தரை தட்டி நிக்குது, கேப்டனெல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்க. அப்புறம் போனாப் போகுதுன்னு கையக் குடுத்துத்தான் கூட்டியாந்தேன்."

செல்போன் அடித்தது. வேன்காரர்.

சரசக்கா கையைக் கழுவிவிட்டு நிதானமாக வந்தாள். "அம்மணி, பதினோரு வருசமா உம் பக்கத்து மேசையில நிக்கறேன். ஒரு நா நீ லீவு போட்டதில்ல. நீ கடலயே பாத்ததில்லதான?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. "இல்லீங்க்கா" என்றாள் நாச்சம்மாள், தரையைப் பார்த்து.

"போன எடு. நாலு பேர் வர்றோம்னு சொல்லு."

"நம்பலயேங்க்கா நீங்க!"

"பாக்காமயே இத்தன புளுகறவ, பாத்துட்டா எத்தன புளுகுவ? அதக் கேக்க நான் பக்கத்துல இருக்கோணும்ல!"

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியாகுமரியில் எல்லோரும் இறங்கினார்கள். நாச்சம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். அலை முழங்கால் வரை ஏறி, காலடி மணலை உருவிக்கொண்டு திரும்பியது. சரசக்காவின் கையை இறுக்கிப் பிடித்தவள் பிடித்தவள்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. வாயே திறக்கவில்லை.

"என்னம்மணி, ஆரம்பி! இதுக்குத்தான வந்தேன்?"

நாச்சம்மாள் கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நான் ரொம்பக் கொறச்சுச் சொல்லிப்போட்டனுங்க்கா."