பீடத்துணியும் கட்டுத்துணியும்

"அக்கா, நான் ஆண்டவருக்கு ஊழியம் பண்ண வந்தவ. பொழுதன்னைக்கும் துணி துவைக்க வரல."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள் ஞானதீபம்.

கால் புண்ணோடு வருகிறவர்களை வைத்துப் பார்க்கிற ஆசிரமம் அது. நடத்துகிறவள் எப்சிபா. ஞானதீபத்தைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனாலும் அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா.

எப்சிபா குழம்புக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னென்ன துணி துவைக்கீங்க?"

"கோயில் பீடத்துக்கு விரிக்கிறது ஒண்ணு. மத்ததெல்லாம் புண்ணுக்குக் கட்டுற துணி."

"பீடத்துணிய எப்படித் துவைப்பீங்க?"

ஞானதீபத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சோப்பு வாடையே இல்லாமப் போற வரைக்கும் தண்ணி மாத்தி மாத்தி அலசுவேன். ஒவ்வொரு அலசுக்கும் ஒரு ஸ்தோத்திரம். அப்புறம் நீலம் போட்டு உதறினா, பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"கட்டுத்துணிய?"

"அது கெடக்குது மலை மாதிரி. ஒரு முக்கு முக்கிக் காயப் போட்டாத்தானே சாயந்திர ஜெபத்துக்கு ஓட முடியும்? வேலைங்கிறதே ஆதாமுக்கு வந்த சாபம். என்னை ஜெபத்துக்குன்னு விட்டுருங்கக்கா."

"சாபம் பிறகுல்லா வந்துச்சு. தோட்டத்தைப் பண்படுத்துன்னு அவன் கையில கொடுத்தது அதுக்கு முன்னாடி."

"அது தோட்டம்க்கா. இது சீழ்."

எப்சிபா சிரித்துவிட்டாள். பாதி உள்ளியை அவள் பக்கம் தள்ளினாள்.

"ஞாயித்துக்கிழமை சொல்லுதேன். இப்ப இதை உரிங்க."

ஞாயிற்றுக்கிழமை ஞானதீபம் நல்ல சேலை கட்டி, கை நிறையப் பூவோடு கோயிலுக்குள் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பீடத்தின்மேல் கட்டுத்துணிகள் நீளநீளமாக விரித்துக் கிடந்தன. மஞ்சள் கறை அப்படியே இருந்தது. மடிப்புக்குள்ளெல்லாம் சோப்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"எந்தப் புண்ணியவான்க்கா இந்த அழுக்கைக் கொண்டாந்து விரிச்சது?"

"நான்தான். அழுக்கா அது? துவைச்சதுன்னு அலமாரியில மடிச்சு வச்சிருந்தீங்களே."

எப்சிபா குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒருத்தர்கூட இவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானதீபத்துக்குக் காதுமடல் வரைக்கும் சுட்டது.

"பீடத்துணி எங்கக்கா?"

எப்சிபா முன்வரிசையைக் காட்டினாள்.

அங்கே வேதமுத்துப் பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புண்ணைச் சுற்றி, கிழித்துக் கட்டின பீடத்துணி. பளிச்சென்று இருந்தது.

ஞானதீபம் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் காலை அவசரமாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கோயில் துணி, எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன்."

கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா இங்க வந்ததுல இருந்து, நேத்து ராத்திரிதாம்மா புண்ணு எரியல."