குணவதி டீச்சரின் இடது புருவம்

பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஏகாம்பரத்துக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. கம்ப்யூட்டரில் போட்டோ திருத்தக் கற்றுக்கொடுத்த பர்வீனையும் உஸ்தாத் என்றே கூப்பிட்டார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவளுக்கு இருபத்தெட்டு.

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணா. வர்றவங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும் உஸ்தாத்."



குடியாத்தத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவளுடைய ஸ்டூடியோ. ஏகாம்பரம் ஆறே மாதத்தில் தேறிவிட்டார். பருவும் கருவளையமும் அம்மைத் தழும்பும் அவர் கைபட்டால் காணாமல் போயின. படத்தை வாங்கியவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே ரசித்துக்கொண்டு படி இறங்கினார்கள். தன் கிராமத்தில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட்டுவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது.

அந்தப் பிப்ரவரியில் பர்வீன் பெண்கள் பள்ளிக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போனாள். ஏகாம்பரம் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெண்கள் முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள்.

"இது யாருக்கு?"

"எங்க குணவதி மிஸ்ஸுக்கு. ஆஸ்பத்திரியில இருக்காங்க. நீங்க அப்புறமா உக்கார வெச்சிடுங்கக்கா."

பர்வீன் தலையாட்டினாள். காலி நாற்காலியோடு படம் எடுக்கப்பட்டது.

பத்து நாள் கழித்துக் குணவதி டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். நாலு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். தலையில் நீலத் துணி கட்டியிருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் முடி போயிருந்தது. புருவமும் இல்லை, இமை முடியும் இல்லை.

"பிள்ளைங்க தினமும் போன் பண்ணுதுங்க. வந்து உக்காந்தீங்களா மிஸ், வந்து உக்காந்தீங்களா மிஸ்னு. அதான் வந்துட்டேன்."

பர்வீன் அவரை உட்கார வைத்துப் படம் எடுத்தாள்.

"இந்தத் துணி வேணாம்மா. பழையபடி முடி வெச்சிடுங்க. கொஞ்சம் பார்க்கற மாதிரி இருந்தா போதும்" என்றார் டீச்சர். போனில் இருந்த தன் பழைய படங்களைக் காட்டினார். ஒன்று கல்யாண ஆல்பத்தில் எடுத்தது. மற்றவை தங்கை தன் போனில் எடுத்தவை. போனில் இருந்த பியூட்டி வசதியே முகத்தை மெழுகிவிட்டிருந்தது.

"இதை நான் பண்றேன் உஸ்தாத்" என்றார் ஏகாம்பரம்.

"பண்ணுங்கண்ணா."

ஒரு நாள் முழுக்க அந்த முகத்தோடு உட்கார்ந்தார். முடியைப் பழைய படத்திலிருந்து எடுத்து வைத்தார். கன்னத்தின் குழியை நிரப்பினார். புருவத்தை மட்டும் தானே வரைந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே வளைவு. அவர் அதுவரை செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்து, நிழலையும் சரியாக விழவைத்தார்.

மறுநாள் டீச்சர் வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இவ்ளோ சிரமப்பட்டிருக்கீங்க."

ஏகாம்பரம் சிரித்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. என்னை எடுத்துடுங்க. அந்த நாற்காலியையும் அழிச்சிட்டு, பிள்ளைங்களை நெருக்கி வெச்சிடுங்க. அது போதும்."

"ஏம்மா, எங்கயாவது சரியில்லையா?"

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். அவர் போன பிறகும் ஏகாம்பரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தப்பு பண்ணேன் உஸ்தாத்?"

பர்வீன் பிரிண்டர் பக்கத்தில் இருந்த வெள்ளைத்தாள் கட்டில் பாதியை எடுத்துப் பையில் வைத்தாள்.

"வாங்கண்ணா, ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வரலாம்."

தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். பத்தாம் வகுப்பு 'பி'யில் பர்வீன் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள்.

"உங்க மிஸ் முகத்தை வரைஞ்சு குடுங்க. அழகா வரணும்னு இல்ல. ஞாபகம் இருக்கற மாதிரி வரைங்க."

பெண்கள் குனிந்தார்கள். அரைமணி நேரம் வகுப்பில் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தாறு தாள்கள் வந்தன. ஒருத்தி வரைந்த முகம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இன்னொருத்தி மூக்கையே மறந்துவிட்டாள். ஆனால் முப்பத்தாறு படத்திலும் இடது புருவம் கடைசியில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு நெல் அகலத்துக்கு அங்கே முடி இல்லை.

ஏகாம்பரம் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"பழைய போட்டோ எதுலயும் இது இல்லையே பாப்பா?"

முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். "காலையில இருக்காது சார். மத்தியானத்துக்கு மேல தெரியும்."

"அது எப்படி?"

"தெரியல சார். ஆனா மத்தியானம் கணக்கு பீரியட்ல தெரியும். நாங்க தப்பா போட்டா அந்தப் புருவம்தான் மொதல்ல ஏறும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பின் பெஞ்சில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் ஏகாம்பரம் தான் வரைந்த புருவங்களை அழித்தார். ஒவ்வொரு முடியாக மறுபடி வைத்தார். இடதைக் கொஞ்சம் மேலே ஏற்றினார். வெட்டு வரவேண்டிய இடத்தில் கை நின்றது.

"உஸ்தாத், அந்தம்மா ஏற்கெனவே நொந்து போய் இருக்காங்க. இல்லாத தழும்பையும் நாம வெச்சா மனசு கஷ்டப்படாதா?"

"படலாம்."

"அப்புறம்?"

"வெச்சிட்டுக் காட்டுவோம். வேணாம்னா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவர் வெட்டை வைத்தார். கன்னத்தில் நிரப்பியிருந்ததில் பாதியைத் திரும்ப எடுத்தார். அதை அவராகவே செய்தார்.

பர்வீன் போன் செய்ததும் டீச்சர் மறுநாள் வந்தார். நாற்காலியை அழித்த படத்தை வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். திரையில் நாற்காலி இருந்தது. அதில் அவர் இருந்தார்.

டீச்சரின் கை மெல்ல எழுந்து, முடியே இல்லாத தன் இடது புருவத்தைத் தொட்டது.

"இதை யாரு சொன்னா உங்களுக்கு?"

ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். பர்வீன்தான் சொன்னாள்.

"பிள்ளைங்க டீச்சர்."

"எந்தப் பிள்ளை?"

"எல்லாரும்."

டீச்சர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏழு வயசுல தையல் மெஷின் மேல விழுந்தேன். அதுல வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து தினம் காலையில பென்சில் வெச்சு மூடிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவேன். பத்தொன்பது வருஷம். கல்யாணத்தன்னிக்குக்கூட மூடித்தான் இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். "வேர்வையில அழிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

பர்வீன் தாள்களை அவர் மடியில் வைத்தாள்.

டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்தார். எதிலும் பெயர் இல்லை. அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"இது நித்யகல்யாணி. எதை வரைஞ்சாலும் மூக்கை விட்டுடுவா. இது பவித்ரா, கோடு போட்டு அளந்துதான் வரைவா. ஐயோ, இது யாரு, சாந்தகுமாரியா? ஸ்கூலுக்கே சரியா வரமாட்டா சார் இவ. இவ எப்போ என் மூஞ்சியைப் பார்த்தா?"

சிரித்தார். இமை முடி இல்லாத கண்ணிலிருந்து தண்ணீர் நேராகக் கன்னத்துக்கு இறங்கியது. அதைத் துடைக்காமல் அடுத்த தாளை எடுத்தார். முப்பத்தாறையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏகாம்பரம் நின்றபடியே இருந்தார்.

"இதை நான் எடுத்துக்கலாமா?"

"உங்களோடதுதானே டீச்சர்."

"பிரிண்ட் எப்போ ரெடியாகும்?"

"நாளைக்கு. ஸ்கூல்ல குடுத்துடறோம்."

"வேணாம்மா. நானே வந்து வாங்கிக்கறேன். நானே கொண்டு போய்க் குடுக்கறேன்." தலைத்துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "இப்படியே போறேன். அதுங்ககிட்ட எனக்கு என்ன."

கிளம்பும்போது ஏகாம்பரத்தின் முன் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஒவ்வொரு முடியா வெச்சிருக்கீங்க சார். தெரியுது. ரொம்ப நன்றி."

ஏகாம்பரம் பழைய பழக்கத்தில் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் பர்வீனின் போனுக்கு ஒரு படம் வந்தது. வகுப்பறையில் நீலத் துணி கட்டிய டீச்சர் நடுவில் இருந்தார். சுற்றிலும் பெண்கள் ஆளுக்கொரு குரூப் போட்டோவை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். படம் ஆடியிருந்தது, பாதி முகங்கள் கலங்கித் தெரிந்தன.

"இதைச் சரிபண்ணி அனுப்பட்டுமா உஸ்தாத்?"

"வேணாம்ணா. அப்படியே இருக்கட்டும்."

பர்வீன் அடுத்த வேலையைத் திறந்தாள். யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் போட்டோ. ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"மறைக்காம சொல்லணும் உஸ்தாத். நான் மொதல்ல வரைஞ்ச புருவம் இருக்கே, இப்பவும் எனக்கு அதுதான் அழகாத் தெரியுது. அதைப் பார்த்துட்டு நாற்காலியையே அழிக்கச் சொன்னாங்க. ஏன்?"

"அழகுதாண்ணா. அதுல யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்புறம் என்ன?"

பர்வீன் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தப் புருவத்தை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லையேண்ணா."