ஓடாத டிராக்டருக்கு ஒரு டிரைவர்

குளத்தங்கரைத் தரிசு நிலத்தில் ஒரு டிராக்டர் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், அசையவே அசையாது! நிலத்துக்காரர் ஊரை விட்டுப் போனபோது கலப்பையோடு சேர்த்து அப்படியே போட்டுவிட்டுப் போன வண்டி அது. துருப்பிடித்து, டயர் இறங்கி, கருவேல முள்ளுக்கு நடுவே கிடந்தது.

அதன் பின்னால் தினமும் காலையில் கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும். எதற்கு என்று கேட்கிறீர்களா? அந்த வண்டி உழுத காலத்தில் பின்னாலேயே நடந்தால் போதும், புழுவும் பிள்ளைப்பூச்சியும் மண்ணிலிருந்து தானாக வந்து விழும். வயிறு முட்டத் தின்ற ருசி லேசில் விடுமா? இன்றைக்குக் கிளம்பும், நாளைக்குக் கிளம்பும் என்று கால் கடுக்க நின்றுகொண்டிருந்தன.

டிராக்டர் சீட்டில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கொக்குகள் ஒருநாள் அதனிடம் கேட்டன.

"வண்டி எப்பங்க கிளம்பும்?"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதற்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"என்னைக் கேக்காம கிளம்புமா? நான்தானே இதுக்கு டிரைவர்!" என்றது ஓணான்.

கொக்குகள் வாயைப் பிளந்தன. "அப்ப கொஞ்சம் மனசு வைங்கய்யா!" என்று கெஞ்சியது கொக்குத் தலைவன் நெட்டையன்.

"வெறும் வயித்தோட வண்டி ஓட்ட முடியுமா?" என்று ஓணான் கொட்டாவி விட்டது.

அன்றிலிருந்து ஓணானுக்கு ராஜ உபசாரம்தான். ஒவ்வொரு கொக்கும் காலையில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து சீட்டில் வைக்க வேண்டும். ஓணான் தின்னும், தலையை ஆட்டும், "நாளைக்குப் பார்க்கலாம்!" என்று சொல்லும். அதற்குத் தொப்பை விழுந்தது. கொக்குகளுக்கோ கழுத்தெலும்பு தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் பஞ்சி என்று ஒரு தாய்க்கொக்கு. அதற்கு ஒரே ஒரு குஞ்சு. பகலெல்லாம் வண்டிக்குப் பின்னால் நின்றால் இரை தேட நேரம் ஏது? கிடைக்கிற ஒரு வெட்டுக்கிளியும் டிரைவருக்குப் போய்விடும். முதலில் குஞ்சு பசியில் கத்தோ கத்தென்று கத்தியது. இப்போது கத்தக்கூடத் தெம்பில்லை. கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட்டில் கிடந்தது. பார்க்கப் பார்க்கப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"அண்ணே, இந்த வண்டி ஏன் நிக்குது?" என்று பஞ்சி நெட்டையனிடம் கேட்டது.

"உஷ்! கேள்வி கேக்காதே! டிரைவர் கோவிச்சுக்குவார்!"

பஞ்சி வாயை மூடிக்கொண்டது. ஆனால் மனசு மூடிக்கொள்ளவில்லை. ஏன் நிற்கிறது? எதனால் நிற்கிறது? அதே நினைப்பாக இருந்தது.

மத்தியானம் ஓணான் சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கியது. பஞ்சி மெதுவாக வண்டியைச் சுற்றி வந்தது. பெரிய சக்கரத்தின் பாதி உயரத்துக்குக் கறையான் புற்று எழுந்திருந்தது. "ஓடுற சக்கரத்துல கறையான் வீடு கட்டுமா?" என்று யோசித்தது. ஸ்டியரிங்கில் கோவைக்கொடி சுற்றிக்கொண்டு பழுத்துத் தொங்கியது. "அட, இதைத் திருப்பியே பல நாளாச்சு போல!" புகைக்குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது.

"யாரது? கண்ணை எடு! பிள்ளைங்க தூங்குது!" என்று உள்ளிருந்து ஓர் எலி சீறியது.

"மன்னிச்சுக்கம்மா! நீ இங்கயா குடியிருக்க? வண்டி ஓடினா புகை வருமே?"

"புகையா? நான் பிறந்ததே இந்தக் குழாய்க்குள்ளதான். அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே!"

பஞ்சிக்குச் சுரீர் என்றது. இந்த வண்டி இனிமேல் கிளம்பவே கிளம்பாது!

அப்படியானால் அன்றைக்குப் பூச்சி எப்படி வந்தது? பஞ்சி குனிந்து கலப்பையைப் பார்த்தது. அதன் கொழு மண்ணுக்குள் புதைந்திருந்தது. பஞ்சி தன் காலால் அந்த இடத்தைக் கிளறிப் பார்த்தது. ஒரு பிள்ளைப்பூச்சி துள்ளிக்கொண்டு வெளியே வந்தது!

"அடடே! பூச்சியை வண்டியா குடுத்துச்சு? மண்ணைக் கலைச்சதுனால வந்துச்சு! அப்போ யார் கலைச்சாலும் வருமே!"

அந்த நேரம் பார்த்துக் கொம்பாயி எருமை குளத்துச் சேற்றிலிருந்து எழுந்து புல்லுக்குள் நடந்தது. அது கால் வைத்த இடத்திலெல்லாம் வெட்டுக்கிளிகள் பறந்தன. பஞ்சி ஓடினது பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்! அன்று சாயங்காலம் குஞ்சு ஐந்தாறு பூச்சிகளை விழுங்கிவிட்டு, "இன்னும்! இன்னும்!" என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பஞ்சி அழுதே விட்டது.

மறுநாள் பஞ்சி விஷயத்தைச் சொன்னதும் நெட்டையன் மூக்கைச் சுளித்தது. "எருமை பின்னாடி அலையறதா? நாம டிராக்டர் பின்னாடி நடந்த பரம்பரை!"

ஓணானுக்குக் கோபம் வந்தது. பொழைப்பில் மண் விழுகிறதே! "அப்படியா சேதி? போறவங்க போகலாம். வண்டி கிளம்புறப்ப அவங்களுக்கு இடம் கிடையாது! சந்தேகப்பட்டதுக்கு நாளையிலிருந்து ஆளுக்கு ரெண்டு வெட்டுக்கிளி!"

கொக்குகள் பயந்து தலையைக் குனிந்துகொண்டன. மற்ற கூடுகளிலும் குஞ்சுகள் சுருண்டு கிடந்ததைப் பஞ்சி பார்த்திருந்தது. இதை இப்படியே விடக் கூடாது என்று கொம்பாயியிடம் போனது.

"அக்கா, உங்க பின்னாடி வந்தப்ப முதுகு அரிக்குதுன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

"ஏன் கேக்கிறே! இந்த உண்ணி தாங்கல. நீ கொத்துறது எனக்குப் போதாதுடி, நல்லா அழுத்திச் சொரியணும்!"

"சொரியறதுக்கு அருமையான இரும்பு ஒண்ணு இருக்கு. காலையில வாங்க, காட்டறேன்!"

விடிந்தது. கொக்குகள் ஆளுக்கு இரண்டு வெட்டுக்கிளியோடு வந்து நின்றன. பஞ்சி முன்னால் போய்ப் பணிவாகக் கேட்டது.

"டிரைவர் ஐயா, வண்டி நகர்ந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இது என்ன கேள்வி? ஜம்முன்னு உக்காந்து ஓட்டுவேன்!"

கொம்பாயி அசைந்து அசைந்து வந்தது. வண்டியின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்தது. ஒரே தேய்!

கிர்ர்ர்ர்... கடகடகட! வண்டி ஆடியது. துரு பொலபொலவென்று உதிர்ந்தது. குழாய்க்குள் எலி கத்தியது.

"கிளம்பிடுச்சு! கிளம்பிடுச்சு!" என்று கொக்குகள் குதித்தன. எல்லாம் டிரைவரைத் திரும்பிப் பார்த்தன. சீட் காலியாக இருந்தது.

டிரைவர் எங்கே? கருவேல மரத்தின் உச்சிக் கிளையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறியது. "ஐயோ! பூதம் உசிரோட எழுந்திரிச்சிடுச்சு! யாராவது காப்பாத்துங்க!"

"என்னப்பா சத்தம்? நான் முதுகுதானே தேய்ச்சேன்!" என்றது கொம்பாயி.

நெட்டையன் தன் அலகிலிருந்த வெட்டுக்கிளிகளைச் சீட்டில் வைக்கப் போனது; நின்றது. அதன் கண் கலங்கிவிட்டது.

"என் குஞ்சு நேத்திலிருந்து கண்ணே திறக்கல, பஞ்சி. இதைக் கொண்டுபோய் ஊட்டிட்டு ஓடி வந்துடறேன். எருமை இன்னைக்கு எந்தப் பக்கம் போகும்?"

"வடக்கால புல்லுக்குப் போறேன். நீ ஊட்டிட்டு வா, நான் மெதுவாத்தான் நடப்பேன்," என்றது கொம்பாயி.

முன்பு வயிறு நிறைந்த இடமாயிற்றே என்று, ஏன் எப்படி என்று கேட்காமல் அங்கேயே காத்துக் கிடந்தால், நாமும் நம் பிள்ளைகளும் பட்டினி கிடப்போம், நம்மை ஏய்ப்பவன் வயிறுதான் நிறையும்.