நாற்பத்து நான்காவது கோரிக்கை

மலையடிவாரத்து ஆசிரமத்தில் கோதண்டபாணி என்றொரு சீடர் இருந்தார். வயது அறுபத்தொன்று, குருவைவிட இருபது வயது மூத்தவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜராக முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இனிமேலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தவர். விட்டுவிடுவார்களா? ஆசிரமத்து வேலைகளையெல்லாம் போனில் பார்த்துக்கொள்ளும் போர்டு ஒன்றை அமைத்து, அதை அவர் தலையிலேயே கட்டினார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கார்டு. செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். யார் எழுதலாம், யார் நகர்த்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதை முடிவு செய்கிறவர் அட்மின். கோதண்டபாணிதான் அட்மின்.

முதலில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் வாரி வழங்கினார். அதன் பலனைப் போன வாரம் அனுபவித்தார். கண் சிகிச்சை முகாமுக்கான ஐம்பத்தெட்டு கார்டுகளும் ஒரே காலையில் 'முடிந்தது' கட்டத்துக்குப் போய்விட்டன. அரிசி வந்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று என்று நம்பி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நகர்த்தியது யாரென்று பார்த்தால், பஸ் டிரைவர் செல்லக்கண்ணு.

"ஏன்யா இப்படிப் பண்ணினே?"

"படிச்சாச்சு சார். பழைய டிப்போவுல சர்க்குலர் வந்தா படிச்சு முடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுவோம்ல, அது மாதிரி. படிச்சு முடிச்சதை முடிஞ்சதுல போட்டேன்."

கோதண்டபாணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டார். இனி எல்லோரும் பார்க்க மட்டும்தான். கை வைக்கிறவர் அவர் ஒருவரே. போர்டில் இல்லாததை யார் வாய்வார்த்தையாகச் சொன்னாலும் செய்யக் கூடாது, அவரே சொன்னாலும் சரி.

அதோடு விட்டதா? அனுமதி கேட்டுக் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. அவர் போனிலும், பெயருக்கு இன்னொரு அட்மினாக இருந்த குருவின் போனிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை செல்லக்கண்ணு நேரிலேயே வந்து நின்றான்.

"சார், ஒரு விஷயம்..."

"வாயால வேண்டாம். போர்டுல போடு."

"போட விடமாட்டேங்குதே சார்."

"அப்போ காரணத்தை எழுதி அனுமதி கேட்டு அனுப்பு."

அனுப்பினான். கோதண்டபாணி திறந்தே பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் அப்படி நாற்பத்து மூன்று சேர்ந்திருந்தன.

மறுநாள் ஞாயிறு முகாம். டாக்டர்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். மேலே மஞ்சப்பாறை கிராமத்திலிருந்து கண்புரை விழுந்த முப்பத்தோரு பேரை ஆசிரமத்து பஸ் போய் அழைத்து வர வேண்டும். போன வருஷம் பஸ் தாமதமாகி, அதே முப்பத்தோரு பேரும் பந்தலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இந்த வருஷமும் அப்படி ஆனால் எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது? அந்தக் கவலை வேறு.

பொறுக்க முடியாமல் கோதண்டபாணி, குருவான வடிவம்மையிடம் போனார். அவர் சமையற்கட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உயிரை வாங்குறாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். கொடுத்தா கெடுக்கறாங்க. கொடுக்கலேன்னா நச்சரிக்கறாங்க. யாருக்கு எவ்வளவு அனுமதி கொடுக்கணும்? நீங்களே சொல்லிடுங்க."

"என்ன கேக்கறாங்க?"

"என்னத்தைக் கேப்பாங்க! எல்லாம் ஒரே பாட்டுதான். அனுமதி வேணும், அனுமதி வேணும்."

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார்.

"ஒருத்தரோட அனுமதியைக் குறைக்கறது எப்படி? காட்டுங்க."

கோதண்டபாணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்பாடா, அம்மாவே சாட்டையை எடுத்துவிட்டார்! ஆசையாகச் சொல்லிக் கொடுத்தார். வடிவம்மை ஒரு பெயரைத் தேடி அமுக்கினார். கோதண்டபாணியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். 'பார்க்க மட்டும்.'

"அம்மா, தவறுதலா என் பேரை..."

"தவறுதலா இல்ல. முகாம் முடியற வரைக்கும் ஓய்வா இருங்க."

ஓய்வாம்! அரைமணி நேரத்தில் டாக்டர்கள் போன் செய்தார்கள். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் ஏழுக்கே வருகிறார்களாம், பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார்களாம். பஸ் கார்டில் காலை ஆறு மணி என்று இருந்தது. நாலு மணிக்கே எடுத்தாக வேண்டும். கோதண்டபாணி கார்டைத் தொட்டார். அசையவில்லை. செல்லக்கண்ணுவைப் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வண்டியை எடுத்துடுப்பா."

"போர்டுல ஆறுன்னு இருக்கே சார்."

"நான் சொல்றேன்ல!"

"நீங்களே சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்புறம் சார், அந்த விஷயம்..."

"இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்!" என்று போனை வைத்தார்.

அனுமதி கேட்டுக் கோரிக்கை அனுப்பினார். பதில் இல்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வடிவம்மை இன்னும் மொச்சைதான் உரித்துக்கொண்டிருந்தார். போன் பக்கத்திலேயே கிடந்தது.

"அம்மா! மணி அடிக்கலையா?"

"அடிச்சுது. எல்லாம் ஒரே பாட்டுதானேன்னு விட்டுட்டேன்."

"முப்பத்தோரு பேரு கண்ணும்மா!"

"உங்களுது எத்தனாவது?"

"நாப்பத்து நாலு."

"அப்போ உங்களுக்கு முன்னால நாப்பத்து மூணு பேரு நிக்கறாங்க. வரிசையா வாசிங்க. உங்க முறை வந்ததும் தர்றேன்" என்று தன் போனை நீட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். முதலாவது சமையல் மரகதம்: "சாம்பாருக்கு உப்பு பத்து கிலோன்னு இருக்கு. ஒரு கிலோ போதும். மாத்தணும்." இரண்டாவது தோட்டக்காரர்: "பந்தல் பக்கம் தண்ணி மோட்டார் ஓடல. யாருக்கும் தெரியல. எழுதணும்." கோதண்டபாணியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பதினேழாவதில் நின்றுவிட்டது.

"சத்தமா வாசிங்க."

"செல்லக்கண்ணு. வியாழக்கிழமை. சார், மஞ்சப்பாறை ஓடைப் பாலம் மழையில உக்காந்துருச்சு. பஸ் போகாது. கரட்டுப் பாதையில சுத்தித்தான் போகணும். ரெண்டு மணி நேரம் முன்னாடியே எடுக்கணும். எழுத விடுங்க."

கோதண்டபாணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு எடுத்திருந்தாலும் பஸ் உடைந்த பாலத்துக்கு முன்னால்தான் போய் நின்றிருக்கும்.

வடிவம்மை போனை வாங்கி எதையோ அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் பஸ் கார்டு தானாக மாறியது. 'காலை இரண்டு மணி. கரட்டுப் பாதை.' சார் சொன்ன நாலிலிருந்து செல்லக்கண்ணு இரண்டைக் கழித்திருந்தான்.

"எனக்கும்மா?"

"உங்களுக்கு முன்னால இன்னும் இருபத்தாறு பேரு இருக்காங்க."

கோதண்டபாணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவனுக்குப் போய்க் கொடுத்திருக்கீங்களே! ஐம்பத்தெட்டு கார்டையும் முடிஞ்சதுல தள்ளினவன்மா அவன்!"

வடிவம்மை அடுத்த மொச்சையை எடுத்தார்.

"ஆமா. ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுத்தான் தள்ளினாரு."