ஏழாவது பறியில் மீன் இல்லை

குளம் கரையை மீறியது. கீரி வெடியனின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. அவன் மனைவியும் நான்கு குட்டிகளும் நனைந்த புதருக்குள் ஒண்டிக் கிடந்தார்கள்.

குளத்தின் நடுவே காய்ந்த திட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கூழைக்கடாப் பறவைகளுடையது. வெடியன் நீந்திப்போய் அவற்றின் தலைவியிடம் பேரம் பேசினான். குடியிருக்க இடம் வேண்டுமென்றால் வருஷம் முழுக்கத் தன் கூட்டம் மொத்தத்துக்கும் மீன் போட வேண்டும் என்றாள் தலைவி. வெடியன் கத்தினான். காலை உதைத்தான். வேண்டவே வேண்டாம் என்று இரண்டு முறை திரும்பிப் பாதிக் குளம் நீந்தினான். இரண்டு முறையும் தலைவி கூப்பிட்டாள். கடைசியில் பேரம் படிந்தது. மழைக்காலம் முடியும்வரை, நாற்பது குஞ்சுகளுக்கு மட்டும், தினமும் காலைச் சாப்பாடு. ஒரு குஞ்சு பட்டினி கிடந்தாலும் வெடியன் அன்றைக்கே குடும்பத்தோடு இறங்கிவிட வேண்டும்.

மீன் பிடிக்க நீர்நாய் ஒப்புக்கொண்டது. மூடி போட்ட நாற்பது மூங்கில் பறிகளைத் தண்ணீருக்குள் வைக்கும். விடிந்ததும் தூக்கி, திட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கும். மீதி வேலை கட்டெறும்புகளுக்கு. அவை பறியைத் திறந்து, மீனைக் கழுவி, தாமரை இலையில் மடித்து, குஞ்சுக்கு ஒன்றாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அந்த எறும்புகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வாயால் சொன்னால் கேட்கமாட்டா. ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் இலைமேல் எழுதித் தர வேண்டும். எழுதியதை அப்படியே செய்யும். எழுதாததைத் தொடாது. மேஸ்திரி எறும்பு முதலில் படித்துப் பார்க்கும். எழுத்தில் ஓட்டை இருந்தால் இலை திரும்பி வந்துவிடும்.

வெடியன் எழுதிய இலையும் திரும்பி வந்தது.

"அண்ணே, பறிக்குள் மீன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்," என்றது மேஸ்திரி. "எங்கள் மொழியில் இதற்கு 'மேபி' என்று பெயர். மீன் இருந்தால் 'ஜஸ்ட்'. இல்லாவிட்டால் 'நத்திங்'. நீங்கள் ஜஸ்டுக்கு மட்டும் வேலை சொல்லியிருக்கிறீர்கள். நத்திங் வந்தால் நாங்கள் என்ன செய்ய?"

வெடியனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீர்நாய் வைத்த பறி வெறுமையாக வருமா, வேலைக்கு வந்த இடத்தில் அபசகுனம் பேசுகிறாயா என்று குதித்தான். இலையைப் பிடுங்கி 'ஃப்ரம்ஜஸ்ட்' என்று ஒரு சொல்லைக் கிறுக்கினான். மீன் உள்ளே இருக்கிறது, கேள்வி கேட்காமல் எடு என்று அதற்குப் பொருள்.

"இப்படி எழுதினால் வாங்கிக்கொள்வோம், அண்ணே. ஆனால் மீன் இல்லாத அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோம். அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது."

ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. குட்டிகள் திட்டில் உருண்டு விளையாடின. வெடியன் மேஸ்திரியைப் பார்க்கும்போதெல்லாம், எங்கே உன் நத்திங், இன்னும் வந்து சேரவில்லையா என்று சீண்டினான்.

பத்தாம் நாள் குளம் கலங்கியிருந்தது. எறும்புகள் ஏழாவது பறியைத் திறந்தன. மீன் இல்லை.

அவ்வளவுதான். மொத்த வரிசையும் நின்றது. ஆறு குஞ்சுகள் சாப்பிட்டு ஏப்பம் விட்டன. முப்பத்துநான்கு குஞ்சுகள் பை வாயைத் திறந்து அலறின. பின்னால் முப்பத்துமூன்று பறிகளில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. தொட ஆளில்லை!

தலைவி வந்து பார்த்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் எல்லாக் குஞ்சும் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் நடையைக் கட்டு என்றாள். வெடியனின் மனைவி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வித் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுவந்தாள்.

வெடியன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். கூழாங்கல் ஒன்றை ஏழாவது பறிக்குள் போட்டான். இப்போது உள்ளே ஏதோ இருக்கிறதல்லவா, எடு என்றான். எறும்புகளுக்கு என்ன வந்தது? கல்லைத் தேய்த்துக் கழுவின. இலையில் அழகாக மடித்தன. ஏழாவது குஞ்சின் முன்னால் வைத்தன. குஞ்சு வாயில் போட்டு உருட்டிப் பார்த்துத் துப்பியது. கல் நேராகத் தலைவியின் மண்டையில் விழுந்தது.

திட்டே சிரித்தது. சாப்பிட்டு முடித்த ஆறும் இன்னொரு கல் போடச் சொல்லிக் கூத்தாடின. தலைவி மட்டும் இறக்கையை விரித்து வரிசையை மறித்தாள்.

"என் பிள்ளைக்குக் கல்லா போடுகிறாய்?"

வெடியன் அன்றைக்குத்தான் குரலைத் தாழ்த்தினான். "அம்மணி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீன் கிடைக்காத அன்றைக்கு உங்கள் பிள்ளை என்ன சாப்பிடும்?"

"அத்தனை பேரம் பேசினாயே, இதைக் கேட்க வாய் வரவில்லையா? இறால் கொடு. சாப்பிடும்."

நீர்நாய் முங்கி இறால் அள்ளி வந்தது. வெடியன் புது இலையில் எழுதினான். மீன் உள்ள பறியென்றால் கழுவு, மடி. வெறும் பறியென்றால் கழுவாதே, மடிக்காதே. வெறுமையாகவே அடுத்த எறும்பிடம் தள்ளிவிடு. கடைசியில், குஞ்சுக்கு முன்னால் மட்டும், 'ஃப்ரம்மேபி இறால்'. அதாவது, மீன் வந்திருந்தால் மீனை வை. வராவிட்டால் இறாலை வை.

மேஸ்திரி அதை மேலிருந்து கீழே படித்தது. பிறகு கீழிருந்து மேலே படித்தது. "இதில் நாங்கள் நிற்பதற்கு இடமே இல்லையே, அண்ணே," என்று மீசையை ஆட்டியது.

வரிசை ஓடியது. வெயில் உச்சிக்கு வருமுன் நாற்பது வயிறும் நிறைந்தன. இறால் தின்ற ஏழாவது குஞ்சு கண்ணை மூடிச் சப்புக்கொட்டியது. அதைப் பார்த்த மற்ற முப்பத்தொன்பதும் தங்களுக்கும் வெறும் பறிதான் வேண்டும் என்று அடம்பிடித்தன. தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மூன்று பறிகள் வெறுமையாக வந்தன. வரிசை ஒரு நொடிகூட நிற்கவில்லை. வெடியனின் மனைவி குட்டிகளைத் தூக்கிப்போய்த் திட்டின் நட்டநடுவில் போட்டுவிட்டு, காலை நீட்டித் தூங்கினாள்.

ஒரு பொருள் வரலாம், வராமலும் போகலாம் என்றால், வராத அன்றைக்கு என்ன செய்வது என்பதை வாங்குகிறவரிடமே கேட்டு முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும்.