வெள்ளைப் புருவத்துக்கு ஒரு ஆமா

அடி முடிந்துவிட்டது. நான் ஆமா போடவில்லை.

வில்லுப்பாட்டில் ஒருத்தர் ஒரு அடி பாடினால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். அது விழுந்தால்தான் அடுத்த அடி எழும். எங்கள் செட்டில் அது என் வேலை. குடம் அடிப்பதும் நான்தான். லிங்கதுரை அடுத்த அடியை எடுக்க முடியாமல் என்னைப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. பிரம்மசக்தி அக்கா வீசுகோலால் வில்லை ஓங்கி அடித்து, பாட்டை அங்கேயே வெட்டிவிட்டுக் கதைக்குப் போய்விட்டாள்.

செட்டு அக்காவுடையது. லிங்கதுரைக்கும் எனக்கும் பாட்டுக் கட்டச் சொல்லித் தருவதும் அக்காதான்.

அந்த ஊர்க் கோயில் கொடை முடிந்து வேனுக்குக் காத்திருந்தபோது கேட்டாள்.

"வாயில என்னல பலவேசம், கொழுக்கட்டையா?"

"குடம் சத்தத்துல கேக்கலக்கா."

"பொய் சொல்லாத. உனக்குத்தான் முதல்ல கேட்டுது."

மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அது ஜெயக்கொடி பாட்டுக்கா."

எங்கள் ஊர் மாவு மில் ஜெயக்கொடியின் அப்பாவுடையது. மிஷினில் நிற்பது அவள். அவளைப் பார்க்கவே வாரா வாரம் கோதுமை தூக்கிக்கொண்டு போகிறேன். சப்பாத்தி தின்று தின்று எங்கள் அப்பாவுக்கு வெறுத்துப்போச்சு. நான் அவளுக்குப் பாட்டுக் கட்டுவது லிங்கதுரைக்குத் தெரியும். அவனும் ஒன்று கட்டியிருக்கிறான் என்பது எனக்கு மேடையில்தான் தெரிந்தது.

மில்லு பெல்ட்டு சுத்தயில
புருவம் ரெண்டும் வெள்ளையாச்சு
பத்தொம்பது வயசுக்காரி
பாட்டியாட்டம் நிக்குதாளே
நெசமா அது நரைக்கயில
நான் பக்கத்துல இருக்கணுமே

அந்த 'இருக்கணுமே' அடிக்குத்தான் என் வாய் திறக்கவில்லை.

"அந்தப் புருவத்த முதல்ல பாத்தது நாந்தான்க்கா. ஒரு வருஷமா பாக்கேன்."

"பாத்து?"

"மாவையெல்லாமா பாட்டுல வைப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை.

"சரி, நீ கட்டுனதப் பாடு. நான் ஆமா போடுதேன்."

அக்கா எனக்கு ஆமா போடுவதா! எழுந்து நின்றே பாடினேன்.

"நிலவைப் போல முகத்தழகி..."

"ஆமா!"

"மயிலைப் போல நடையழகி..."

"ஆமா!"

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பாட்டென்றால் நிலாவும் மயிலும் வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. ஆனால் அக்கா குரல் கணீரென்று விழ விழ எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயக்கொடியின் ஒரு செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி, இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். பாட்டில் அடுத்த அடி அவள் குரலுக்கு. மில் இரைச்சலில் கத்திக் கத்தி அவளுக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும்.

"தேனைப் போல..."

"ஆமா!"

நான் அடியை முடிக்கவே இல்லை. நிறுத்திவிட்டேன்.

"ஏம்ல?"

"நீங்க கேக்காமலே ஆமா போடுதீங்க."

"போட்டா எனக்கு என்ன, வலிக்கவா போகுது?"

வேன் வந்தது. லிங்கதுரை வில்லை ஏற்றினான். என் குடத்தையும் அவனே தூக்கி, உடையாமல் இருக்க அடியில் வைக்கோல் புரியை வைத்தான். அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

"அவன் பாட்டுல எங்கயாவது பொய் இருக்கா?" என்றாள் அக்கா.

தேடிப் பார்த்தேன். இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன்.

"இல்ல."

"அப்ப நல்லா இல்லன்னாவது சொல்லு."

சொல்ல வரவில்லை. வேறொன்று வந்தது.

"நான் எப்பக்கா அப்பிடி ஒரு அடி கட்டுவேன்?"

"நாளைக்கு நம்மூர்க் கொடை. அவனையே பாடச் சொல்லப் போறேன். அந்த அடிக்கு வாய் நெறைய ஆமா போடு. போட்டுட்டு வந்து என்கிட்ட இதக் கேளு."

மறுநாள் மத்தியானம். பந்தலில் முதல் வரிசையில் ஜெயக்கொடி, அவள் அம்மாவோடு. தலைக்குக் குளித்து வந்திருந்தாள். அப்படியும் இடது புருவ ஓரத்தில் கொஞ்சம் மாவு. நான் பார்த்தேன். லிங்கதுரை பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவான்.

மில்லுக்கு ஆமா போட்டேன். புருவத்துக்குப் போட்டேன். பாட்டிக்கும் போட்டேன். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

"நெசமா அது நரைக்கயில நான் பக்கத்துல இருக்கணுமே..."

அக்கா வீசுகோலைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நேற்று மாதிரி அடித்து வெட்டவில்லை. காத்திருந்தாள். லிங்கதுரை கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தேன்.

"ஆமா."

தொண்டை கட்டிய குரல். முதல் வரிசையிலிருந்து.

அக்கா வில்லை அடித்தாள். லிங்கதுரை அடுத்த அடியை எடுத்தான்.

நான் போட வேண்டிய ஆமா அது. போடவில்லை.